கட்டை சேரவில்லை

மேல் வரிசை டீச்சர் அன்றைக்கு ஏன் பொய் சொன்னார்? என்னைக் காப்பாற்றவா, இல்லை என்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளவா? நாலு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது. பொய் சொன்னவர் அவர். அந்தப் பொய்க்கு வேலை வைத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வராது.

எனக்குப் பிறந்த ஊர் வடகரப்பதிப் பக்கம். பத்தாவது முடித்து, வாத்தியார் ட்ரெயினிங்குக்கு மனுப் போட்டுக் காத்திருந்த சமயம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் நல்லேப்பிள்ளி, வேலை மலைமேலே சித்திரபுரத்தில், மின்சார ஆபீஸில் கிளார்க். கிளாரினெட் வாசிப்பார் என்று சொன்னார்கள். என் மாமன் எழுந்து, "பொண்ணு கொஞ்சம் கட்டைங்க, மத்தபடி ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குள்ளம்தான். வீட்டில் சின்ன வயதிலிருந்தே என்னைக் கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் இவரும் ஒன்றிரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டுச் சீண்டியிருக்கிறார்.

மருமகன் வித்வான் என்று என் அப்பா கோயமுத்தூர் போய் ஒரு சுருதிப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். ஆர்மோனியத்தின் தம்பி மாதிரி சின்னது. துருத்தியை அசைத்துக்கொண்டே இருந்தால் ஒரே சத்தம் நிற்காமல் வரும், அதை வைத்துக்கொண்டு வாசிக்கலாம். பஸ்ஸில் மலை ஏறும்போது அந்தப் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாத்திர பண்டமெல்லாம் பஸ்ஸின் தலைமேலே போனது.

சித்திரபுரம் கரண்டு விளைகிற ஊர். ஆனாலும் வீட்டுச் சூட்டுக்கு விறகுதான். குவார்ட்டர்ஸில் முன்னே ஒரு அறை, நடுவில் ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிட்டுப் போகும். போன மறு வருஷமே பெண் பிறந்தாள். அவளுக்கு ஓயாத சளி. மூச்சு கர்ரென்று இழுக்கிறதா என்று அவள் மார்பில் காதை வைத்து வைத்து எனக்குக் கழுத்து வலி நிரந்தரமாயிற்று. சரியாக இருக்கிறாள் என்று தெரிந்தாலும் ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி வைப்பேன். துணி காயாது. அதனால் சமையல்கட்டில் ஒரு சட்டியில் தணல் போட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் அவள் துணிகளைப் பரப்பிவைப்பேன். குளிப்பாட்டிய பிறகு அதே தணலில் சாம்பிராணி தூவுவேன்.

கிளாரினெட் சமவெளியில் நன்றாகப் பேசியது. மலைக்கு வந்ததும் முறுக்கிக்கொண்டது. நான் பிள்ளையை ஒரு தொடையில் வைத்துக்கொண்டு மறு கையால் பெட்டியை அசைப்பேன், அவர் ஊதுவார். இரண்டு சத்தமும் ஒன்றாகாது. நடுவில் ஓர் அலை எழும். வ்வோம், வ்வோம் என்று நடுங்கிக்கொண்டே இருக்கும். எனக்குப் பாட்டுப் படிப்பு கிடையாது. ஆனால் அந்த நடுக்கம் எனக்கும் கேட்கும். பிள்ளை அழ ஆரம்பித்துவிடுவாள்.

"எறங்கி நிக்குது" என்பார் அவர்.

ஊதுகிற வாய்ப்பகுதிக்கும் துளைகள் உள்ள உடலுக்கும் நடுவே பேரல் என்று ஒரு சின்ன மரத்துண்டு உண்டு. சுருதி ஏறி நின்றால் அதை நூலளவு வெளியே இழுத்தால் இறங்கும். இறங்கி நின்றால் உள்ளே தள்ள வேண்டும். அது ஏற்கெனவே கடைசிவரை உள்ளேதான் இருந்தது. அதற்குமேல் தள்ள இடமில்லை. அவர் வாய்ப்பகுதியில் வைத்துக் கட்டுகிற நாணல் பட்டையை, ரீடு என்பார்கள், தடித்ததாகப் போட்டுப் பார்த்தார், உதடு வீங்கியதுதான் மிச்சம். சாவிகளின் அடியில் துளையை மூடுகிற தோல் மெத்தைகள் உண்டு. அவற்றில் காற்று கசிகிறதா என்று சிகரெட் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். பிள்ளையின் மருந்து பாட்டில் தக்கையை அறுத்து ஒரு சாவியின் கீழே ஒட்டினார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் குற்றம் பெட்டிமேல் வந்து விழுந்தது. "பொட்டிதான் புள்ள ஏறி நிக்குது. கடைக்காரன் உங்கப்பன ஏமாத்திட்டான்" என்றார்.

அப்பாவை ஏமாற்றிவிட்டான் என்றது என்னைச் சுட்டது.

எங்களுக்கு மேலே சரிவில் இன்னொரு வரிசை வீடுகள். அதில் இருந்தவர்தான் டீச்சர். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை. அவர் வீட்டுக்காரருக்குப் பவர்ஹவுஸில் ஷிப்டு. டீச்சரின் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். குழந்தை இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது கூட. நல்ல உயரம். ஆர்மோனியம் வாசிப்பார், பாடுவார். எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவர் பாட்டு, இவர் கிளாரினெட், ஆபீஸிலேயே வேலை பார்க்கும் ஒருவர் தபலா என்று முடிவாகி, ஒத்திகைக்காக இவர் ஒருநாள் மேலே போனார். திரும்பி வந்தபோது முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"டீச்சர் பொட்டிக்கு அப்படியே சேந்துருச்சு புள்ள. நான் ஒண்ணுமே பண்ணல."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் மேலேதான். தபலாக்காரர் கூடவே இருப்பார். பல நாள் அந்த வீட்டுக்காரரும் இருப்பார். தப்பாக ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் யாரிடமும் முறையிட வழியில்லாமல் போனது. கீழே நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து இரண்டு சத்தமும் ஒன்றாக இறங்கி வரும். நடுவில் அலை இருக்கிறதா என்று கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இருக்காது. என் பெண் அதைக் கேட்டதும் கையைக் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போவாள். என் மடியில் அழுகிறவள், அந்த வீட்டுச் சத்தத்துக்குத் தூங்குகிறாள்.

நான் ஆக நினைத்த டீச்சர் அவர். எனக்கு வராத பாட்டு அவருக்கு. என்னைவிட ஒரு முழம் உயரம். வழியில் பார்த்தால், "என்ன தங்கச்சி, கீழயே கெடக்க? புள்ளய எடுத்துட்டு மேல வரக்கூடாதா?" என்பார். இவரைத் தம்பி என்பார், என்னைத் தங்கச்சி என்பார். தபலாக்காரர் ஒருதரம், "தம்பிக்குத் தங்கச்சியக் கட்டிவச்சிட்டீங்களே டீச்சர், மொறை எங்கியோ இடிக்குதுங்க" என்றார். டீச்சர், "அப்பம் அவளயாவது என்னை அக்கான்னு கூப்புடச் சொல்லுங்க. டீச்சர் டீச்சர்ங்கா, பரிச்சைக்கு வந்த மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அக்கா என்று கூப்பிடவில்லை. எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மார்கழியில் ஒருநாள் மதியம் வீட்டின் பக்கவாட்டில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். இவரும் தபலாக்காரரும் சாப்பிட்டுவிட்டு முன்படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். சுவருக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாது.

"ஊட்டுக் கட்டை எனக்குச் சேரவே மாட்டீங்குதுங்க. என்ன பண்ணியும் ஒட்டல" என்றார் இவர்.

"டீச்சருது?"

"அது அப்படியே வந்து ஒட்டிக்குது. அங்க உக்காந்தா நேரம் போறதே தெரியறதில்ல."

தபலாக்காரர் சிரித்தார். "அப்ப ஊட்டுக் கட்டையத் தூக்கிப் பரண்மேல போட்டுருங்க."

"மாமனார் குடுத்ததாச்சேங்க. போட முடியுங்களா?"

ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றேன். தண்ணீர் சொட்டி நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தேன். உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் கண்ணாடியை அவர் உயரத்துக்கு மாட்டியிருந்தார், எனக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். சாயங்காலம் அவர் கேட்ட எதற்கும் ம் என்று மட்டும் சொன்னேன். பால் கட்டிக்கொண்டதா, மேலுக்கு முடியவில்லையா என்று விசாரித்தார். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அடுத்த வாரம் ஒரு விடுமுறை நாள். அவர் கிளாரினெட்டைத் துடைத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனார். பிள்ளை தவழ்ந்துபோய் அதை இழுக்கப் பார்த்தாள். நான் அதைப் பிடுங்கி, வேறு இடம் தோன்றாமல், சமையல்கட்டுக் கூடைமேல் காய்ந்த துணிகளுக்கு நடுவே வைத்தேன். பிறகு மறந்துபோனேன். அவர் வந்து தேடி எடுத்து, சும்மா ஒருதரம் ஊதினார். நான் பெட்டியை அசைத்தேன்.

அலை இல்லை. அடைமழை சட்டென்று நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. இரண்டு சத்தம் ஒரே சத்தமாகி வீடு முழுக்க நின்றது. பிள்ளை அழவில்லை. அவர் என்னைப் பார்த்தார். மேலே போகத் தொடங்கியதிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"அந்த மருந்துத் தக்கைதான் புள்ள. அதுதான் சரிபண்ணிருச்சு" என்றார்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து ஊதினால் மறுபடி நடுக்கம். அவர் தக்கையைத் திட்டினார். நான் யோசித்தேன். சூடான காற்றில் சத்தம் வேகமாகப் போகும் என்று ஒன்பதாவதில் படித்தது நினைவுக்கு வந்தது. டீச்சர் வீட்டுக்கு ஒருதரம் இவரைக் கூப்பிடப் போனபோது பார்த்ததும் நினைவுக்கு வந்தது: அவர்கள் வாசிப்பது சமையல்கட்டில்; எரியும் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் இவர், கையில் பால் விடாத கட்டன் சாயா. எங்கள் வீட்டில் தணல் பிள்ளைக்கு, முன்னறைக் குளிர் இவருக்கு. பெட்டியிலும் குறையில்லை, கிளாரினெட்டிலும் குறையில்லை. குளிர்ந்த மரம் இறங்கி நிற்கிறது. அவ்வளவுதான்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் திறந்தேன். சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு மேலே ஓடுவார். "டீச்சர், விஷயம் தெரியுங்களா?" என்பார். என் தலைக்குள் வந்த ஒரே ஒரு நல்ல யோசனை அந்த அடுப்பங்கரைக்குப் போய், அவர்கள் இரண்டு பேருடையதாகிவிடும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நாலு மணிக்குப் பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டி முடித்ததும், கிளாரினெட்டின் மேல்பாதியையும் பேரலையும் அவள் ஃபிளானல் துணியில் சுற்றிக் கூடைமேல் வைப்பேன். ஐந்து மணிக்கு அவர் காலடி படிக்கட்டில் கேட்கும்போது எடுத்துப் பழையபடி ஜன்னலோரப் பலகையில் வைத்துவிடுவேன். அவர் வந்து ஊதுவார். சேரும். ஒருநாள் தவறாமல் சேர்ந்தது. தக்கையின் பெருமையை ஆபீஸ் முழுக்கச் சொன்னார். தபலாக்காரர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். டீச்சர் ஆள் விட்டுக் கேட்டதற்கு, ஊட்டிலேயே நல்லா சேருதுங்க, திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னே வர்றேன் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று வாரம். என் கல்யாணத்தில் நல்ல நாள் எது என்று கேட்டால் அந்த மூன்று வாரத்தைத்தான் சொல்வேன். மேல் வரிசையில் சத்தமில்லை. சத்தமெல்லாம் என் வீட்டில். டீச்சர் தனியாக ஆர்மோனியம் வாசிப்பது ஓரொரு நாள் கேட்கும். கேட்டால் நான் பெட்டியை இன்னும் வேகமாக அசைப்பேன். குளிர் கூடிய நாட்களில் தணலை இன்னொரு அகப்பை கூடப் போட்டேன்.

தை கடைசியில், திருவிழாவுக்கு ஏழு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் கீழ் ஸ்வரங்கள் பேசவில்லை. ஊதினால் கீச்சென்றது, இல்லாவிட்டால் வெறும் காற்று. பெட்டியோடு சேர்வது இருக்கட்டும், தன்னோடேயே சேரவில்லை. அவர் எல்லாச் சாவியும் கழற்றி மாட்டினார். புது ரீடு போட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கிளாரினெட் அவர் வேலை கிடைப்பதற்கு முன்னே ஒரு பேண்டு செட்டிலிருந்து வாங்கியது. இன்னொன்று வாங்குவது எங்களால் ஆகிற காரியமில்லை. "என் கையி போன மாதிரி இருக்குது" என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும், தணலாக இருக்காது, சின்னச் சூடுதானே, பிள்ளையின் துணிகூடக் கருகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தபலாக்காரர் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் கூப்பிடாமலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சால்வையை மடித்து வைத்தார், என் பெண்ணைத் தூக்கினார். வேற்றுமுகம் பார்த்தால் வீறிடுகிறவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"தம்பி, இந்தப் பெட்டி மேலயா கொறை சொல்லிட்டுத் திரிஞ்சீக? ஒங்க வீட்டுக் கட்டையும் என் கட்டையும் ஒண்ணுதான். நாலு கட்டை. மயிரிழை வித்தியாசம் இல்ல."

என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "கட்டைன்னா?"

"சுருதி அளவு தங்கச்சி. ஆர்மோனியத்துல கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை இருக்குல்லா, அத எண்ணிச் சொல்லுதது. ஏன், நீ என்னன்னு நெனச்ச?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றுமில்லை. கூடையும் தணலும்தான் இருந்தன. படிக்கட்டில் அன்று அவர்கள் பேசியது முழுவதும், வார்த்தை வார்த்தையாக, வேறு அர்த்தத்தில் எனக்குத் திரும்பக் கேட்டது. ஊட்டுக் கட்டை. மாமனார் கொடுத்தது. பரண்மேல் போடுவது. இரண்டு வருஷமாக ஒரு வாத்தியக்காரரோடு குடித்தனம் செய்கிறேன், பத்தாவது படித்திருக்கிறேன், அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கட்டை நான்தான்.

திரும்பி வந்தபோது டீச்சர் குழந்தையின் சோப்பைக் கேட்டார். "சைக்கிள் டியூப்புல பஞ்சர் பாக்கதில்லையா, அப்படித்தான்" என்று நுரையை விரல் நுனியில் எடுத்து மரத்தின்மேல் லேசாகத் தடவினார். கீழ் முனையை உள்ளங்கையால் அடைத்து, துளைகளையெல்லாம் மூடி, இவரை ஊதச் சொன்னார். மேல்பாதியில், இரண்டு சாவிகளுக்கு நடுவே, கடுகு கடுகாகக் குமிழ் வந்தது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தார்கள். தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு, ஒரு விரல்கடை நீளம்.

டீச்சர் அந்தத் துண்டை எடுத்துக் கண்ணுக்கு நேரே வைத்து உள்ளே பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். எங்கள் வீடு முழுக்கச் சாம்பிராணி வாசனைதான். இவர் மூக்குக்கு அது பழகிப்போனது. டீச்சர் தலையைத் திருப்பினார். திறந்திருந்த கதவு வழியாகச் சமையல்கட்டுக் கூடை தெரிந்தது. அதன்மேல் ஃபிளானல் துணி, நடுவில் நீளமாகக் குழிந்து, ஏதோ படுத்து எழுந்துபோன மாதிரி கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் பெண் அவர் தோளில் இருந்தாள்.

"இத எங்க வச்சிருப்பீக தம்பி?" என்று கேட்டார்.

"ஜன்னல் பலகைலீங்க."

"அதான். மலைக் குளிருக்கு மரம் வெடிக்கத்தான் செய்யும். ஜன்னல் பக்கம் வைக்கலாமா?"

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் தப்புதானுங்க" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை. டீச்சர் என் பக்கம் பார்க்காமலே பேசிக்கொண்டு போனார். குளிரில் சுருதி இறங்கும் என்றார். அதற்காக அடுப்பு, தணல் பக்கம் கொண்டுபோகவே கூடாது, மரம் பிளந்துவிடும் என்றார். வாசிப்பதற்கு முன்னே கால் மணி நேரம் சட்டைக்குள்ளே அக்குளோடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு சத்தம் வராமல் வெறும் மூச்சை உள்ளே ஊதிக்கொண்டிருக்க வேண்டும், உடம்புச் சூடு போதும் என்றார். "புள்ளய வச்சிக்கிடுத மாதிரி" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்தார்.

குளிரினால்தான் சுருதி இறங்குகிறது என்று கண்டுபிடித்தவள் நான். அவர் சொல்வதற்கு மூன்று வாரம் முன்னே. அந்த அறையில் அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். இவர் எழுந்து நின்று, "இத்தன நாள் இது தெரியாமப் போச்சுங்களே டீச்சர்" என்று கைகூப்பினார்.

மராமத்து இரண்டு நாள் நடந்தது, எங்கள் வீட்டிலேயே. ஆபீஸில் பார்சலுக்கு முத்திரை வைக்கிற அரக்கைப் பொடித்து, வெடிப்பில் ஊசியால் இறக்கி, காய்ச்சிய கரண்டிக் காம்பின் நுனியைத் தொட்டும் தொடாமலும் வைத்து உருக்கினார்கள். அதன்மேல் நூல் சுற்றி இறுக்க வேண்டும், பருத்தி நூல் தொய்ந்துவிடும், பட்டு இருந்தால் நல்லது என்றார் டீச்சர். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கூறைப்புடவையின் குஞ்சத்திலிருந்து நூல் நூலாகப் பிரித்துக் கொடுத்தேன். ஐயோ அதையா என்றார் இவர். டீச்சர் அதை வாங்கித் தேன்மெழுகில் இழுத்தார். ஒரு நுனியை நான் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன், மறு நுனியை அவர் சுற்றிக்கொண்டே வந்தார். அவர் கை என் கன்னத்துக்கு அருகில் வந்து வந்து போனது. சாக்பீஸ் வாசனை. சாவிகளுக்கு நடுவே அரக்கு நிறத்தில் ஒரு வளையல் போட்ட மாதிரி ஆயிற்று. கட்டிய பிறகு ஒரே ஒரு ஸ்வரம் ஏறி நின்றது. அந்தத் துளையின் மேல்விளிம்பில் மிளகில் பாதி மெழுகு வைத்து இறக்கினார்கள்.

திருவிழாவில் வாசித்தார். கோயில் முன்னே, சால்வைக்குள் கிளாரினெட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் பாராட்ட வந்தவர்களிடமெல்லாம், "டீச்சர் காதும் டீச்சர் கையும்தானுங்க" என்றார். நான் பின்வரிசையில், பிள்ளையின் காதைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது. ஓர் அலைகூட இல்லை. எங்காவது ஒன்று வராதா என்று கடைசிவரை காத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த வருஷமே மாற்றல் கிடைத்து நல்லேப்பிள்ளிக்கு வந்துவிட்டோம். பஸ் ஏறும்போது டீச்சர் வந்து பெண்ணுக்கு முத்தம் கொடுத்தார். என்னிடம் மெதுவாக, "இப்பமாவது ஒருதரம் அக்கான்னு கூப்புடு" என்றார். வற்புறுத்துகிற மாதிரியும் இல்லை, விளையாட்டு மாதிரியும் இல்லை. நான், "போயிட்டு வர்றேன் டீச்சர்" என்றேன்.

இப்போது பெண்ணுக்கு நாலரை வயது. கையில் இன்னொன்று, பையன், அவனுக்கும் சளிதான். கிளாரினெட் அதே பட்டு வளையலோடு இருக்கிறது. சமவெளியில் வாசிக்கிறார். மலைக்கு மட்டும் போவதில்லை. மூணாறு பக்கத்திலிருந்து இரண்டு கல்யாணம் வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். ஜன்னலோரம் வைத்துத் தன் கையாலேயே வாத்தியத்தைக் கெடுத்ததாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறார். புதிதாகப் பழகுகிற ஒருவரிடம், குளிர்காலத்தில் கிளாரினெட்டைத் தொடவே தொடாதீர்கள் என்றார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் சித்திரபுரத்திலிருந்து ஓர் இன்லண்டு லெட்டர். டீச்சர் எழுத்து. இந்த மாசித் திருவிழாவுக்கு அவர்தான் பாடுகிறாராம், தபலாவுக்கு அதே ஆள், தம்பி வந்தால் பழையபடி நடத்தலாம் என்று கேட்டிருந்தார். கடைசி வரியில், "தங்கச்சி சொன்னால் தம்பி வருவாக" என்று எழுதியிருந்தார். இவர் அதைப் படித்துச் சிரித்தார். இரண்டு நாள் கிளாரினெட்டை எடுத்து எடுத்து வைத்தார். மூன்றாம் நாள் பதில் எழுதினார்: மன்னிக்க வேண்டும், மறுபடி அந்தக் குளிருக்கு இதைக் கொண்டுவர எனக்குத் தைரியமில்லை. எழுதி ஒட்டி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார்.

அந்தத் தபால் ஆறு நாளாக உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது.

போட்டுவிட்டால் அவர் என் வீட்டிலேயே இருப்பார், தன்மேல் பழியைச் சுமந்துகொண்டு. போடாமல், வெடிக்க வைத்தது குளிர் இல்லை, நான்தான் என்று சொன்னால், கோபப்படுவார். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கோபம் தீர்ந்ததும் பஸ் ஏறிவிடுவார், அந்த அடுப்புப் பக்கத்துப் பலகைக்கு. டீச்சரின் கடைசி வரி என்னைச் சொல்லச் சொல்லுகிறதா, இல்லை நீ சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன் என்கிறதா, எத்தனை தரம் படித்தாலும் பிடிபடவில்லை. இரண்டும் இல்லாமல் சும்மா எழுதியதாகவும் இருக்கலாம். நான்தான் ஒரு வார்த்தைக்கு வேறு அர்த்தம் எடுத்து வாத்தியத்தையே பிளந்தவள் ஆயிற்றே.

படிக்கிறவர்களில் என் மாதிரி இருப்பவர்கள் யாராவது இருப்பீர்கள். பொறாமை கூடாது என்று சொல்வதற்காக எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும். புருஷனிடம் ஒரு விஷயத்தை நாலு வருஷம் மறைத்துப் பிறகு சொன்னவர்கள் இருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள், முதல் வார்த்தை என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். சொல்லாமல் விட்டவர்கள் இருந்தால், அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியை அசைக்க உங்களால் முடிந்ததா என்று எழுதுங்கள். மாசி பிறப்பதற்குள் எழுதினால் நல்லது.